அடுப்புக்கு மேல் புது ஓடு

எங்கள் வீட்டுக் கூரை நல்ல நிலையில் இருக்கிறது, பழுதுபார்க்கக் கடன் தேவைப்படவில்லை என்று நகராட்சியிலிருந்து பதில் வந்த அன்று, நான் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கதைக்காகச் சொல்லவில்லை. புரட்டாசி மழை. அடுப்புக்கு நேர் மேலே ஓடு உடைந்து வானம் தெரிந்தது. குடை பிடிக்காவிட்டால் நான் ஊற்றாத தண்ணீரும் ரசத்தில் சேர்ந்துவிடும். செய்யாறு கம்பெனியில் ஷிப்ட் முடித்து பஸ்ஸில் வந்து இறங்கிய மகள்தான் போனில் வந்திருந்த பதிலைப் படித்துக் காட்டினாள். படிக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று என் பிறந்த வீட்டிலேயே பெயர், புகுந்த வீட்டில் அதை யாரும் மாற்றிவிடவும் இல்லை.

நகராட்சி மேல் கோபப்படுவதற்கு முன்னால் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆரணியில் எங்கள் தெருவில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் தறிக்கு இடம் பார்ப்பார்கள், மிச்சம் இருக்கிற இடத்தில் மனுஷர்கள். வாசலைத் தாண்டினால் கூடம். கூடம் முழுக்கத் தறி. தரையில் இடுப்பளவுக்கு ஒரு குழி, அதற்குள் காலை விட்டு உட்கார்ந்துதான் என் வீட்டுக்காரர் பட்டு நெய்வார். கூடத்துக்குப் பின்னால் ஒரு அறை, அதை ஒட்டிச் சமையலறை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஓட்டுக் கூரை.

தறியில் இருக்கிற பட்டும் ஜரிகையும் எங்களுடையவை இல்லை, முதலாளி கொடுத்தவை. அதன்மேல் ஒரு சொட்டு மழைத்தண்ணீர் விழுந்தால் சாயம் இறங்கிவிடும், அந்தச் சேலையை அப்புறம் யார் தலையில் கட்டுவது? அதனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலத்துக்கு முன்னால் கூரை ஏறிப் பார்ப்பார்கள். தறிக்கு மேலே ஓர் ஓடு உடைந்திருந்தால் கடைக்குப் போகமாட்டார்கள், சமையலறைக்கு மேலிருந்து ஒன்றை உருவி அங்கே வைப்பார்கள். என் மாமனார் அப்படித்தான் செய்தாராம், என் வீட்டுக்காரரும் அப்படித்தான். இப்படியே வருஷக்கணக்கில் நடந்து, வீட்டில் இருந்த நல்ல ஓடெல்லாம் தறிக்கு மேலே போய்ச் சேர்ந்துவிட்டது. எங்களுக்கு மேலே விரிசல் விட்டதும் மூளியானதும்தான். அதுவும் தீர்ந்த பிறகு ஒரு பழைய கல்யாண பேனரை மடித்துக் கட்டினோம், அது அடுப்புக்கு நேர் மேலே வரைக்கும் எட்டவில்லை. யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் மேலிருந்து சிரித்தபடி, நான் சமைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஓடு மட்டும் என்றால் நான் பேனரை மாற்றிக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பேன். பின்சுவர் வயிறு தள்ள ஆரம்பித்துவிட்டது. உத்தரத்தைச் செல்லரித்திருந்தது. பார்க்க வந்த கொத்தனார் சுவரில் கை வைத்தார், உடனே எடுத்துவிட்டார். இந்த மழை தாங்கினால் பெரிசு, அடுத்த மழைக்கு நான் பொறுப்பு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பின்சுவர் போனால் கூரை போகும், கூரை போனால் வாடகை வீடு. அங்கேதான் எங்களுக்கு வழி அடைபடும். வாடகை வீட்டில் தறிக்குழி தோண்ட எந்த வீட்டு ஓனரும் விடமாட்டார். நானும் கேட்டுப் பார்த்தேன். டைல்ஸ் போட்ட தரையைக் காட்டி, எங்கேம்மா தோண்டுவ என்று சிரித்தார்கள். வீடு போனால் தறி போகும், தறி போனால் என் வீட்டுக்காரர் யாருடைய விசைத்தறி ஷெட்டிலாவது கூலிக்கு நிற்க வேண்டும். அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆடியில் அவர் தறியை விட்டு எழுந்திருப்பதே குறைந்துபோனது.

அப்போதுதான் ரேஷன் கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வருமானம் குறைவு, ஆனால் வீடு சொந்தம் என்கிற குடும்பங்களுக்கு வீட்டைப் பழுதுபார்க்க நகராட்சி மூலமாகக் குறைந்த வட்டியில் கடன். படித்த உடனே மகளைப் பிடித்து உட்காரவைத்து விண்ணப்பம் போடச் செய்தேன். இன்ஜினியர் நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார், அவர் எழுதுவதை வைத்துத்தான் முடிவு என்றார்கள். வரட்டும், வந்து பார்க்கட்டும், எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு யாருக்கு மனசு வராது என்று தைரியமாக இருந்தேன்.

இன்ஜினியர் ஆவணியில் ஒரு காய்ந்த நாளில் வந்தார். சின்ன வயசுக்காரர், மரியாதையாகப் பேசினார். வீட்டுக்கு யார் வந்தாலும் தறிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைப்பதுதான் எங்கள் பக்கத்துப் பழக்கம். வீட்டிலேயே நல்ல இடம் அதுதானே. என் வீட்டுக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், ஃபேனைப் போட்டார், தறியில் இருந்த சேலையின் கரையைத் தூக்கிக் காட்டினார். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. இன்ஜினியர் அசந்துபோய்ப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். வரிசை குலையாத ஓடு, ஓர் ஓட்டை கிடையாது, சுவரில் ஈரம் கிடையாது. பின்னாடியும் பார்க்கட்டுமா என்று கேட்டார். பின்னாடி இன்னா சார், அடுப்புதான் என்று இவர் சொல்லிவிட்டார். சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்த எனக்கும் அது காதில் விழுந்தது. கழுவாத பாத்திரமெல்லாம் அப்படியே கிடந்ததால், நல்லவேளை என்றுதான் அந்த நேரத்தில் எனக்கும் தோன்றியது. இன்ஜினியர் காபியைக் குடித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். காபியைத்தான் சொன்னார் என்று நினைத்தேன்.

அதன் பலன்தான் புரட்டாசியில் வந்த பதில். அன்றைக்கு ரசத்தை இறக்கி வைத்துவிட்டு நேரே கூடத்துக்குப் போய்ப் பிடித்துக்கொண்டேன். வாய்க்கு வந்தபடி கேட்டேன். பெண்டாட்டி பிள்ளை இருக்கிற இடத்தை மறைத்துவிட்டுத் தறியை மட்டும் காட்டினால் எந்த ஊரில் கடன் கொடுப்பார்கள் என்றேன். அவர் குறுக்கு இழை ஓட்டுகிற நாடாவைத் தறிமேல் வைத்தார்.

"வந்தவர அடுப்பங்கரைக்கா இட்டுகினு போறது?" என்று கேட்டார். "இத்தினி வருஷமா உங்கள நான் எப்படி வெச்சிகினு இருக்கேன்னு அவருக்கு எதுக்குத் தெரியணும்?"

அதற்குமேல் எனக்குத் திட்ட வரவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. மறுநாள் காலையில் தலையைப் பின்னிக்கொண்டு நகராட்சிக்குக் கிளம்பிவிட்டேன். கவுண்டரில் இருந்தவர், இன்ஜினியர் எழுதியதை நாங்கள் மாற்ற முடியாதும்மா என்றார். இன்ஜினியரைத் தேடிப் பிடித்தேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். தான் பொய் எழுதவில்லை, உங்கள் வீட்டில் ஒரு சொட்டு ஈரத்தைக்கூடப் பார்க்கவில்லையே என்றார். அவர் சொன்னது உண்மை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நீங்க பாத்தது தறியோட வீடு சார்," என்றேன். "எங்க வீடு அதுக்குப் பின்னாடி கீது."

தானாகத் திரும்ப வர முடியாது, மறுபடி பார்க்கச் சொல்லி மேலதிகாரியிடம் மனுக் கொடுங்கள், அனுமதி வந்தால் கட்டாயம் வருகிறேன் என்று அவர் சொன்னார். மனு வாங்குகிற நாளில் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் தெருவிளக்கு எரியாதவர்கள், குடிநீர் வராதவர்கள் எல்லாரும் நின்றார்கள். என் முறை வந்தபோது அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன். அந்த அதிகாரி முழுசாகக் கேட்டார், மறுபடி போய்ப் பார்க்கலாம் என்று மனுவில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதி மட்டும் சொல்லவில்லை.

அனுமதி கிடைத்த விஷயம் தெருவில் பரவியது. எதிர்வீட்டு அக்கா வந்து ஒரு யோசனை சொன்னாள். இன்ஜினியர் வருவதற்குள் தறிக்கு மேலே இருக்கிற ஓட்டில் நாலைந்தைக் கொம்பால் தட்டி விட்டுவிடு, உள்ளே வந்ததும் கண்ணில் படும் என்றாள். பொய் சொல்வானேன், எனக்கும் ஒரு நிமிஷம் கை அரித்தது. என் வீட்டுக்காரர் காதில் அது விழுந்ததும் தறியை விட்டு எழுந்து வந்துவிட்டார். அக்காவைப் பார்த்து அவர் சத்தம் போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். தன் கையால் நல்ல ஓட்டை உடைக்கிறதாவது என்று கேட்டார். அக்கா பேஜாராகி வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் சொன்னதும் எங்கள் நன்மைக்குத்தான் என்று பிறகு நான் போய்ச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று.

ஐப்பசி பிறந்து மழை விடாமல் பிடித்துக்கொண்டது. இரண்டாவது நாளும் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், வாசலில் பைக் நின்றது. இன்ஜினியர் ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். மழை இல்லாத நாளில் வந்தால் நான் பார்க்க வேண்டியது தெரியாமல் போய்விடும் என்றுதான் இன்றைக்கு வந்தேன் என்றார். அந்தப் பிள்ளையை அந்த இடத்திலேயே எனக்குப் பிடித்துப்போனது.

பார்த்த பார்வைக்குக் கூடம் அன்றைக்கும் காய்ந்துதான் இருந்தது. என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் நாற்காலியை இழுத்துத் துடைக்க ஆரம்பித்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவர் துண்டைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியைச் சுவரோரம் தள்ளினார். தறிப் பலகையைக் கையால் தட்டிக் காட்டினார்.

"சார், இப்பிடி உக்காந்து கால உள்ள விடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நெய்கிறவர் உட்காரும் பலகையில் இன்னொருத்தர் உட்காருவது எங்கள் வீட்டில் கிடையாது. மகள் குழந்தையாக இருந்தபோது அதில் ஏறியதற்கே இவர் முகம் மாறியிருக்கிறது. இன்ஜினியருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். ஷூவைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றினார், பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, பூஜை அறையில் உட்காருவது மாதிரி பயபக்தியோடு உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டார். விட்ட வேகத்தில் மேலே இழுத்தார். குழியில் கணுக்காலுக்கு மேலே தண்ணீர்.

நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். ஓடு வரிசையாக, வறண்டு இருந்தது. தரையைப் பார்த்தார். மறுபடி காலை உள்ளே விட்டுத் தண்ணீரைத் துழாவினார். எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் வாங்க சார் என்று சொல்லி நடந்தார். நானாக அழைத்துப் போக வேண்டும் என்று இருந்த இடத்துக்கு அவரே முன்னால் நடந்து போனார். இன்ஜினியர் வெறுங்காலோடு பின்னால் போனார். நான் கடைசியில் போனேன்.

பின்அறையிலிருந்து தறிக்கு அடியில் குழி வரைக்கும் தரைச் சரிவில் தண்ணீர் ஒரு வாய்க்கால் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையில் வீட்டிலிருக்கிற அண்டா குண்டான் எல்லாம் மழையை ஏந்திக்கொண்டிருந்தன. பேனர் தண்ணீர் கோத்துத் தொங்கியதில் மாப்பிள்ளைக்குத் தொப்பை விழுந்திருந்தது. இன்ஜினியர் உத்தரத்தைப் பார்த்தார். சுவரில் ஒரு விரலை வைத்து அழுத்தினார், மண் புட்டு மாதிரி உதிர்ந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் விரித்த குடை.

இங்கேதான் சமைக்கிறீர்களா என்று என்னிடம் கேட்டார். இன்றைக்கும் சமைத்திருக்கிறேன், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றேன். அவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கே ஏங்க இதக் காட்டல?"

"வூட்டுக்கு வந்தவர நல்ல எடத்துலதான சார் உக்கார வெப்பாங்க?" என்றார் இவர். "எங்ககிட்ட இருந்த நல்ல எடம் அது ஒண்ணுதான்."

இன்ஜினியர் போனை எடுத்துக் கூரை, சுவர், உத்தரம், தரை என்று எல்லாவற்றையும் படம் பிடித்தார். பிறகு கூடத்துக்கு வந்து தறிக்குழியையும் பிடித்தார். உடனே செய்ய வேண்டிய வேலை என்று எழுதுவதாகச் சொன்னார். பின்சுவருக்கு இன்றைக்கே முட்டுக் கொடுத்துவிடுங்கள், யாரும் அந்தப் பக்கம் படுக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். நின்றுகொண்டே இரண்டு கரண்டி சோறும் ரசமும் சாப்பிட்டார். அவர் பைக் தெருமுனை திரும்பியதும் நான் சமையலறைக்குள் போய் அழுதேன். மழை மேலேயே விழுந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

முட்டுக் கொடுத்த சுவர் எப்படியோ அந்த மழைக்காலத்தைத் தாண்டியது. இடி இடித்தபோதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பொங்கல் முடிந்து கடன் கைக்கு வந்தது. மாசாமாசம் கட்ட வேண்டிய கடன்தான், யாரும் சும்மா கொடுக்கவில்லை, இன்றைக்கும் கட்டிக்கொண்டிருக்கிறோம். அதனால்தானோ என்னவோ எனக்கு அதில் கூடுதல் பெருமை. பின்சுவரை இடித்துச் செங்கல் வைத்துக் கட்டினார்கள். உத்தரத்தை மாற்றினார்கள். தண்ணீர் கூடத்துப் பக்கம் ஓடாதபடி தரையின் வாட்டத்தைத் திருப்பினார்கள். புது ஓடு கண்ணமங்கலத்திலிருந்து மினி லாரியில் வந்து இறங்கியது. செக்கச்செவேல் என்று அடுக்கி வைத்திருந்த அந்த ஓட்டைத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நான் வேண்டுமென்றே அடிக்கடி வாசலுக்கு வந்து நின்றேன்.

ஓடு மேய்கிற அன்றைக்கு நான் பக்கத்துக் கடையில் டீ வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். கொத்தனார் ஏணியில் நிற்கிறார், என் வீட்டுக்காரர் கீழே நின்று கையை நீட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். புது ஓட்டைத் தறிக்கு மேலே போடுங்க, அங்கே இருக்கிற பழசை எடுத்துப் பின்னாடி போட்டுக்கலாம். கொத்தனாரும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறார், அவரும் எங்கள் தெருக்காரர்தானே. எனக்கு வந்த கோபத்தில் டீ சிந்திக் கை சுட்டது. தூக்கைக் கீழே வைத்துவிட்டு ஏணியின் முதல் படியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"புது ஓடு அடுப்புக்கு மேலதான். ஒரு ஓடு முன்னாடி போச்சின்னா நான் எழுந்துக்கவே மாட்டேன்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், ஓட்டைப் பார்த்தார். தான் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. வெட்கத்தோடு சிரித்தார். கொத்தனார் மேலிருந்து சிரித்தார், எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று கை கொட்டியே சிரித்தாள். சாயங்காலத்துக்குள் சமையலறைக்கும் பின்அறைக்கும் மேலே ஒரு மூளி இல்லாமல் புது ஓடு ஏறிவிட்டது. அந்தத் தெருவிலேயே தறியைவிட அடுப்புக்கு நல்ல கூரை எங்கள் வீட்டில்தான். இதை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

அதற்குப் பிறகு தெருவில் இன்னும் சில வீடுகள் விண்ணப்பம் போட்டன. இன்ஜினியர் வருகிற அன்றைக்கு நானே போய் நின்றுகொள்வேன். வாசலிலேயே கையைப் பிடிக்காத குறையாக நேரே பின்கட்டுக்கு அழைத்துப் போங்கள், காபியெல்லாம் அப்புறம் என்று சொல்லிக்கொடுப்பேன். எதிர்வீட்டு அக்காவுக்கும் கடன் வந்துவிட்டது. நாலு வீடு தள்ளி ஒருத்தர் இன்ஜினியரைத் தறிப்பக்கம் திரும்பவே விடவில்லையாம். அவராகக் கேட்டுத்தான் சேலையைப் பார்த்தாராம்.

புது ஓடு போட்ட பிறகு முதல் மழை சித்திரைக் கடைசியில் வந்தது. காலையிலிருந்து புழுக்கம். மத்தியானச் சோற்றுக்கு உட்காருகிற நேரத்தில் காற்று தூக்கி அடித்து, மழை கொட்டியது. என் கை தானாக அண்டாவைத் தேடியது. அண்டாவைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று மேலே பார்த்தேன். மேலே ஓடுதான் இருந்தது. சத்தம் மட்டும் விழுந்தது, ஒரு பொட்டுத் தண்ணீர் விழவில்லை. எவ்வளவு நேரம் அண்டாவோடு அப்படியே நின்றேனோ தெரியாது. சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மழை வந்தால் எங்கள் வீட்டில் எல்லாரும் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடித் தறிக்கும் சுவருக்கும் நடுவே குறுக்கிக்கொண்டு சாப்பிடுவதுதான் வழக்கம். அன்றைக்கு என் வீட்டுக்காரர் தறியிலிருந்து எழுந்து சமையலறைக்கு வந்தார். ஒரு தரம் மேலே பார்த்தார். அடுப்புக்கு எதிரே காலை நீட்டி, சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். தட்டைப் போட்டேன். நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டார், மறுசோறு வாங்கினார். எந்த நேரத்திலும் மழையைப் பார்த்தால் முகம் சுருங்குகிற மனுஷர், ஓட்டின் மேல் அது அடிக்கிற சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். காற்று அடங்கி, சத்தம் குறைகிற மாதிரி இருந்தது.

"நின்னுடப் போவுது," என்றார். "இன்னும் கொஞ்சம் பெய்யட்டுமே."